சிவப்பு மையில் அர்த்தம்

வீடு
ஜனவரி 11

அக்கா,

நீ எங்களைக் கைகழுவிவிட்டாய். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் இது.

போய் நான்கு மாதம். வந்தது இரண்டு கடிதம். இரண்டிலும் எட்டு வரி, அதே எட்டு வரி. வேலை நன்றாகப் போகிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, மெத்தை நன்றாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ ஷூ கம்பெனியில் சேர்ந்தாயா, அச்சகத்தில் சேர்ந்தாயா?

அம்மா ஆஸ்பத்திரித் துணிகளை மடித்து முடித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் "படிடா" என்பாள். எட்டு வரி படிக்க அரை நிமிஷம். "அவ்வளவுதானா?" என்று என் வாயையே பார்ப்பாள். அதனால் நானே சேர்த்துப் படிக்கிறேன். போன முறை உனக்கு விடுதி ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு கிடைத்தது. மறுநாள் சலவைக்கூடம் முழுக்க அந்தச் செய்திதான். நீ எழுதாததால் நான் பொய்யனாகிவிட்டேன்.

எனக்கு வேலை கிடைத்ததை நீ கேட்கவேயில்லை. தபால்வழி ஆங்கிலப் பயிற்சி நிலையம். மாணவர்கள் ஊர் ஊராக இருந்து தாள் அனுப்புவார்கள், நான் சிவப்பு மையில் திருத்துவேன். வாரத்துக்கு நானூறு தாள். முதலாளியைப் பிரின்சிபால் என்றுதான் கூப்பிட வேண்டும். கல்லூரி எங்கே என்று கேட்கக் கூடாது. மாணவன் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்குக் கீழேயும் தமிழில் அர்த்தம் எழுதித் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் முறை. தான் எழுதியது உண்மையில் என்ன சொல்கிறது என்று அவன் பார்க்க வேண்டுமாம். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற ஓர் ஆள், ஐம்பது வயது, தான் பார்த்தேயிராத மூடுபனியைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதி அனுப்புகிறார். இங்கிலீஷ் வந்தால் டிப்போ மேனேஜர் தன்னை 'வாங்க' என்பார் என்று நினைக்கிறார். இந்த ஏமாற்று வேலையில் சிவப்பு மை என்னுடையது.

உன் கவர்கள் ஏன் இரண்டு தடவை ஒட்டியதுபோல் மொத்தமாக வருகின்றன? பசை கம்பெனியில் இலவசமா?

உடம்பு எப்படி இருக்கிறது என்று உண்மையாக எழுது.

உன் தம்பி

*

விடுதி, இரண்டாம் மாடி
கட்டில் 5
ஜனவரி 29

டேய் வாத்தி,

நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் சௌக்கியமா? அம்மாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை கோபப்படுவதிலேயே நேரம் போய்விடுகிறதா?

உன் கடிதத்தை ஏழாம் கட்டில்காரிக்குப் படித்துக் காட்டினேன். உன் தம்பிக்கு வாய் நீளம், கைக்கு எட்டினால் இரண்டு போடுவேன் என்றாள். இங்கே யாருக்கும் பெயர் கிடையாது, கட்டில் நம்பர்தான். நான் அஞ்சு. ஓட்டப்பந்தயப் பரிசுக்கு நன்றி. கோப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்.

வேலை சோல் ஒட்டும் பிரிவில். பிரஷ்ஷால் பசை தடவ வேண்டும், ஒரு ஜோடிக்குப் பதினொரு வினாடி. பசைக்குப் பழ மிட்டாய் வாசனை. முதல் வாரம் எல்லோருக்கும் பிடிக்கும். ஜன்னல்கள் மூடியிருக்கும், தூசி விழுந்தால் சோல் ஒட்டாது.

வார்டன் அம்மா நல்லவர். கவரை ஒட்டி நாங்கள் சிரமப்பட வேண்டாம் என்று திறந்தபடியே வாங்கிக்கொண்டு தானே பசையை அள்ளித் தடவி ஒட்டி அனுப்புகிறார். அதனால்தான் மொத்தம். வருகிற தபாலையும் அவரே பிரித்துக் கொடுத்துவிடுவார். போன்கள் கேட் அலமாரியில். என் சான்றிதழ்களும் ஆபீசில் பத்திரமாக இருக்கின்றன, மூன்று வருஷம் முடிந்ததும் தருவார்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வீட்டு மனுஷர்கள் வந்து பார்க்கலாம், கேட் பக்கத்து அறையில், ஒரு மணி நேரம்.

உன்னிடம் ஒரு கேள்வி. போன வாரம் சாப்பாட்டுக்கூடத்தில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு சொல் புரியவில்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து கீழே எழுதியிருக்கிறேன். விளக்கமாகச் சொல். எனக்கும் உன் மாணவர்களுக்குக் கொடுப்பதுபோல் பயிற்சி கொடு. வார்டன் அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும், ஆனால் பிள்ளைகள் படித்தால் அவருக்குச் சந்தோஷம். பயிற்சித்தாள் என்றால் தாராளமாக அனுப்பலாம் என்றார்.

புரிகிறதா வாத்தி? தாராளமாக.

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

அக்கா

*

வீடு
பிப்ரவரி 10

அக்கா,

நாங்கள் நலம். ஒத்தடம் நடக்கிறது. உன் கடிதம் இந்த முறை ஒரு பக்கத்துக்கு மேல் இருந்ததால் அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். நான் எதையும் சேர்க்கவில்லை.

அந்தச் சொல் டிஸ்பெல். விரட்டு, போக்கு, கலை என்று அகராதியில் இருக்கும். அதை நம்பி எல்லாவற்றையும் விரட்டப் புறப்படாதே. காக்கையை விரட்ட, நாயை விரட்ட, மூன்று நாள் தங்கிய மாமாவை விரட்ட வேறு சொற்கள் உண்டு. இது கையால் பிடிக்க முடியாதவற்றுக்கு மட்டும். பயம், சந்தேகம், வதந்தி, புகை, மூடுபனி. நாயை விரட்டினால் அது அடுத்த தெருவில் போய் நிற்கும். இந்தச் சொல்லால் விரட்டப்பட்டது எங்கும் போய் நிற்காது. கலைந்து, இல்லாமலே ஆகிவிடும்.

மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மிகவும் பிடித்த சொல். வதந்தி என்று ஒன்று கிளம்பினால் அது உண்மையா என்று பார்க்க மாட்டார்கள், போக்குவதற்கு ஓர் அறிக்கை விடுவார்கள். வதந்தி பரப்பியவனைப் போக்குவதற்கு வேறு ஆட்கள் இருப்பார்கள். உங்கள் நோட்டீஸில் அது வந்ததில் ஆச்சரியமே இல்லை. என்ன விஷயமாக ஒட்டினார்கள் என்று நீ எழுதவில்லை. போகட்டும், பிரயோகம்தான் முக்கியம்.

பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. முழுக்க இங்கிலீஷில். சொந்தமாக யோசி, அகராதியில் இருப்பதை எழுதினால் மார்க் கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு.

தம்பி

*

கட்டில் 5
மார்ச் 2

வாத்திக்கு,

சௌக்கியம். அங்கேயும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

பத்து வாக்கியம் இத்துடன். வார்டன் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாருங்கடி, அஞ்சு என்னமா படிக்குது" என்று எல்லோரிடமும் சொன்னார். இரண்டு பேர் என்மேல் கடுப்பில் இருக்கிறார்கள்.

சொந்தமாக யோசிக்கச் சொன்னாய். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் கட்டில்காரி ஊருக்குப் போய்விட்டாளாம். அவள் சீப்பும் டம்ளரும் இங்கேயே இருக்கின்றன. ஏழாம் கட்டில்காரி அந்தச் சீப்பை எடுத்து என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டாள்.

மூன்று, ஆறு, ஒன்பது இந்த மூன்றையும் இரண்டு தடவை படி.

இங்கே நாற்பது பேர் ஒரே அறையில் படுக்கிறோம். ஆனாலும் நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட முடிகிறது. நீ விளக்கிய அந்த ஒரு பத்தியை நான் தினமும் படிக்கிறேன். ஒருத்தர் எனக்கென்று உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறார் என்பதற்காக.

அம்மாவின் முதுகு?

அக்கா

*

வீடு
மார்ச் 14

அக்கா,

அம்மாவின் முதுகு பரவாயில்லை. நானும் பரவாயில்லை. இந்த வாரம் அறுநூறு தாள், பிரின்சிபால் விளம்பரம் கொடுத்துவிட்டார். அதனால் சுருக்கமாக.

ஏழு சரி. மூன்று, ஆறு, ஒன்பது தப்பு. ஆளை இந்தச் சொல்லால் விரட்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன், அதிலேயே போய் விழுந்திருக்கிறாய். நேரம் இல்லாததால் தமிழ் அர்த்தம் எழுதவில்லை, பெருக்கல் குறி மட்டும் போட்டிருக்கிறேன். அடுத்த தாளுக்கு முறைப்படி எழுதி அனுப்புகிறேன்.

இன்னொன்று. கையெழுத்து. உனக்கு முத்து முத்தாக இருக்கும், பள்ளிக்கூடத்தில் அறிவிப்புப் பலகை எழுத உன்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்கிறது, வரி கீழே இறங்குகிறது. அவசரமாக எழுதுகிறாய். மதிப்பெண் அதற்கும் உண்டு. ஆறரை போட்டிருக்கிறேன்.

இந்த மாதம் பார்க்க வரலாம் என்றிருந்தேன். ஞாயிறுகளில் நேர்முக வகுப்பு என்று புதிதாக ஆரம்பித்துவிட்டார். வர மாட்டேன் என்று சொன்னால் வேறு ஆள் பார்ப்பார். அடுத்த தவணையில் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

கட்டில் 5
ஏப்ரல் 5

டேய்,

நலமா? அம்மா?

மூன்று, ஆறு, ஒன்பது தப்பில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படித்துப் பார். உன் கையைப் பிடித்து முதல் எழுத்து எழுத வைத்தவள் நான். அந்த நன்றிக்காவது மார்க் போடாமல் ஒரு தடவை படி.

கையெழுத்து கெட்டுவிட்டது உண்மைதான். பேனா வழுக்குகிறது. கையில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. அவசரம் என்று மட்டும் சொல்லாதே.

இன்னும் ஏழு வாக்கியம் அனுப்புகிறேன். பத்து முடியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். தமிழில் அர்த்தம் எழுதாதே. உங்கள் நிலையத்தின் முறை உங்கள் மாணவர்களோடு இருக்கட்டும். எனக்கு எழுத வேண்டாம். நான் என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியும். கீழே தமிழ் இருந்தால் எனக்கு இங்கிலீஷ் வராமலே போய்விடும். வார்டன் அம்மாவும் சிரிப்பார். என்மேல் ஆணையாக எழுதாதே. சரியா?

அடுத்த ஞாயிறு பார்க்கும் நாள். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, வந்தால் போதும்.

அக்கா

*

வீடு
ஏப்ரல் 19

அக்கா,

நாங்கள் நலம். நீ சொன்ன ஞாயிறு வகுப்பு இருந்தது, வர முடியவில்லை. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் வேலை முடித்துக் கைகூடக் கழுவாமல் வந்தவர்கள். அவர்களிடம் போய் 'இன்று வகுப்பு இல்லை' என்று சொல்ல முடியுமா?

ஆணை எல்லாம் எதற்கு? தமிழ் அர்த்தம் எழுதாமல் திருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி. நீ என் அக்கா என்பதற்காக முறையை விட்டுக்கொடுத்தால் டயர்காரருக்கு ஒரு நியாயம் உனக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். ஆகவே எழுதியிருக்கிறேன். கோபப்படாமல் பார்.

முதல் வாக்கியம், 'காற்று புகையைப் போக்கியது.' சரி, ஆனால் உப்பில்லை.

இரண்டாவது, 'மருத்துவர் எங்கள் பயத்தைப் போக்கவில்லை, ஏனென்றால் மருத்துவர் வரவேயில்லை.' முதல் பாதியோடு நிறுத்தியிருக்க வேண்டும். பின்பாதி கதை.

மூன்றாவது, 'மின்விசிறி டிசம்பரிலிருந்து ஓடாததால் பசை நெடியைப் போக்க ஒன்றுமில்லை.' ஒரு வாக்கியத்தில் ஒரு செய்திதான் இருக்கலாம்.

நான்காவது, 'நடக்க முடியாமல் போன மூன்றாம் கட்டில்காரியை ஆபீசில் டிஸ்பெல் செய்துவிட்டார்கள்.' மறுபடியும் அதே தப்பு, போன தாளின் மூன்றாவதும் இவள்தான். ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும், பதிவேட்டில் பெயரை அடித்து வெளியே தள்ளினார்கள் என்று சொல்ல வேண்டும். ஓர் ஆள் கலைந்து இல்லாமல் போக முடியாது. இதைப் பார்த்துத்தான் போன தாளின் ஆறும் ஒன்பதும் ஞாபகத்துக்கு வந்தன. 'சிகிச்சை கேட்ட பதினோராம் கட்டில்காரியை', 'அவளுக்காகப் பேசிய இருபதாம் கட்டில்காரியை' என்று எழுதியிருந்தாய். ஒரே தப்பை நான்கு தடவை செய்கிறவளை என்ன செய்வது?

ஐந்தாவது, 'ஊசியால் குத்தினாலும் என் விரல்களுக்குத் தெரியவில்லை, இந்தச் சந்தேகத்தைப் போக்கு.' இது கவிதை. வாக்கியம் கேட்டேன்.

ஆறாவதுதான் பிரமாதம். 'மூன்றாம் கட்டில்காரி படிக்கட்டில் விழுந்ததும் பசையால் எதுவும் வராது என்று வதந்தியைப் போக்க நோட்டீஸ் ஒட்டினார்கள்.' சொல் அதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. முழு மதிப்பெண்.

ஏழாவது, 'என் தம்பி ஒரு ஞாயிறு நேரில் வந்து அழைத்துப்போனால் என் பயம் போய்விடும்.' இலக்கணம் சரி. ஆனால் நான் வராததைக் குத்திக்காட்டப் பயிற்சித்தாளைப் பயன்படுத்தாதே.

மொத்தம் ஏழுக்கு மூன்றரை. வருத்தப்படாதே. உன் தப்புகள் எனக்கு ஒரு விதத்தில் உபயோகமாகிவிட்டன. 'பிழை திருத்துக' என்று மாதாமாதம் ஓர் அச்சுத்தாள் எல்லா மாணவர்களுக்கும் அனுப்புவோம். இந்த முறை உன் வாக்கியங்களையே போட்டுவிட்டேன். பெயர் போடவில்லை, பயப்படாதே.

அம்மா உன்னை விசாரித்தாள்.

தம்பி

*

விடுதி
மே 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். அதுபோல் நீயும் அம்மாவும் நலமாக இருக்க விரும்புகிறேன். வேலை நன்றாகப் போகிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. மெத்தை நன்றாக இருக்கிறது. வேலை அதிகமாக இருப்பதால் பயிற்சித்தாள் இனி அனுப்ப வேண்டாம். பார்க்க வர வேண்டிய அவசியமும் இல்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அக்கா

*

வீடு
மே 25

அக்கா,

கோபித்துக்கொண்டாய். சரி. அதற்காக 'அன்புள்ள தம்பிக்கு' என்று அரசாங்கக் கடிதம் மாதிரியா? வாத்தி என்று திட்டியாவது எழுதியிருக்கலாம்.

ஒன்று மட்டும் சந்தோஷம். கையெழுத்து திருந்திவிட்டது. வரி நேராக நிற்கிறது. நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வேற மாதிரி இருக்கே" என்றாள். கையெழுத்து திருந்தினால் வேறு மாதிரிதானே இருக்கும் என்றேன்.

அவள் இப்போது சலவைக்கூடத்தில் இருந்து வந்தால் பேசுவதில்லை. நானும் தாள்களோடு உட்கார்ந்துவிடுகிறேன். இந்த வீட்டில் உன் குரல்தான் சத்தமாக இருந்திருக்கிறது என்பது நீ போன பிறகு தெரிகிறது.

திட்டி எழுது. எட்டு வரி வேண்டாம்.

உடம்பு எப்படி இருக்கிறது?

தம்பி

*

வீடு
ஜூன் 16

அக்கா,

டயர்காரரின் தாள் வந்தது.

இதுவரை அவர் எதையும் காலியாக விட்டதில்லை. தப்பாகவாவது எழுதுவார். இந்த முறை 'பிழை திருத்துக' தாளில் ஒன்றையும் திருத்தவில்லை. உன் வாக்கியங்களின் கீழே புள்ளிக்கோடு அப்படியே காலியாக இருக்கிறது. தாளின் பின்பக்கம் தமிழில் எழுதியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்:

"சார், இதுல திருத்த ஒண்ணும் இல்ல. இது நடந்திருக்கு. எனக்கு ட்யூப் ஒட்டுற சொல்யூஷனால ரெண்டு வருஷம் விரல் மரத்துப்போய் ஸ்பேனரப் புடிக்க முடியாம இருந்துச்சு. அப்புறம் காலும். டாக்டர் அந்த இடத்த விட்டு வந்தாத்தான் நிக்கும்னார். இந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு சார்?"

அலுவலகத்தில் படித்தேன். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே படித்தேன். அதன் பிறகு உன் எல்லாக் கடிதங்களையும் எடுத்து மார்க் போடாமல் படித்தேன்.

நீ எழுதாதே என்று சொன்னாய். ஆணை வைத்தாய். வார்டனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முதலிலேயே சொன்னாய், தாராளமாக என்று இரண்டு தடவை எழுதினாய். நான் உன் வாக்கியம் ஒவ்வொன்றையும் எடுத்து, நல்ல தமிழில், தெளிவான கையெழுத்தில், சிவப்பு மையில் எழுதி அந்த அம்மாவின் மேஜைக்கு அனுப்பினேன். புரியாமல் போய்விடப் போகிறதே என்று விளக்கம் வேறு. 'பதிவேட்டில் பெயரை அடித்து வெளியே தள்ளினார்கள் என்று சொல்ல வேண்டும்.' நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஊரில் உள்ள முதலாளி எல்லாரையும் திட்டுவேன், உனக்குத் தெரியும். அவர்களுக்குச் சம்பளமில்லாமல் ஒற்று வேலை பார்த்தவன் நான்.

மே எட்டாம் தேதிக் கடிதம் உன்னுடையது இல்லை. அது யார் எழுத்து?

ஞாயிறு வருகிறேன். வகுப்பு நாசமாகப் போகட்டும். இந்தக் கடிதத்தை யார் யார் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். படிக்கட்டும். உன் பையை எடுத்து வைத்துக்கொள்.

தம்பி

*

வீடு
ஜூலை 2

அக்கா,

நலமா என்று எழுதக் கை வரவில்லை. அம்மா நலம்.

ஞாயிறு வந்தேன். ஒன்பது மணி நேரம் பஸ். கேட் காவலாளி நோட்டைப் புரட்டினார். கட்டில் நம்பர் கேட்டார், சொன்னேன். "அஞ்சா? அத வேற யூனிட்டுக்கு மாத்திட்டாங்க" என்றார். எந்த யூனிட் என்று கேட்டேன். "அது எனக்குச் சொல்ல மாட்டாங்க தம்பி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷனாகத்தான் இருப்பார், வேலை போய்விடும் என்ற பயம்.

ஆபீசில் வேறு கதை. நீயாகவே வேலையை விட்டுப் போனாயாம், சொந்த விருப்பம், ஜூன் 20. அதாவது நான் வருகிறேன் என்று எழுதிய கடிதம் அங்கே போய்ச் சேர்ந்த நாள், அல்லது மறுநாள். அதையும் நானே அறிவித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பதிவேட்டைக் காட்டினார்கள். உன் பெயருக்கு எதிரே கையெழுத்து இல்லை. பெருவிரல் ரேகை. பள்ளிக்கூடப் பலகையில் எழுதிய என் அக்காவுக்குக் கைநாட்டு எதற்கு என்று கேட்டேன். அந்த ஆள் பதிவேட்டை மூடினார். சொந்த விருப்பத்தில் போனவள் சான்றிதழை ஏன் வாங்கிப்போகவில்லை என்று கேட்டேன். வெளியே போகச் சொன்னார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள்.

மாலையில் ஷிப்ட் விட்டது. எதிர்ப்பக்கம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் ஆலையிலிருந்து விடுதிக்கு ரோட்டைக் கடந்து போனார்கள். நிறையப் பேர் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார்கள். முன்னால் போகிறவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிலர். பாதம் கீழே படுகிறதா என்று பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். ரோட்டில் போகிற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் பார்த்துப் பழகிவிட்டது போல.

ஏழாம் கட்டில்காரி யார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியையும் பார்த்து அஞ்சு, அஞ்சு என்று கூப்பிட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். கூட வந்த சூப்பர்வைசர் திரும்பியதும் நடக்க ஆரம்பித்தாள். ஆனால் நின்றாள்.

போலீஸில் சொன்னேன். வயது வந்த பெண், விருப்பப்பட்டுப் போயிருக்கிறாள், காதல் விவகாரம் ஏதாவது இருக்கும், வீட்டில் விசாரியுங்கள் என்றார்கள். மனுவில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது என்று சொல்லித் திரும்ப எழுதச் சொன்னார்கள்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. நீ வேலையாக இருந்தாய், பத்து நிமிஷம்தான் பார்க்க விட்டார்கள், சிரித்தாய் என்று சொன்னேன். இளைத்திருக்கிறாளா என்றாள். கொஞ்சம் என்றேன். இரண்டு நாள் முன்பு உன் கடிதம் என்று ஒரு வெறும் தாளை வைத்துக்கொண்டு எட்டு வரி படித்தேன். கேட்டுவிட்டு அம்மா எழுந்துபோய் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். அவள் நம்பவில்லை. நம்பாததைச் சொல்லவும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இப்படித்தான் இருக்கிறோம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது, எனக்குத் தெரியும். இதுவரை எழுதியது எதுவும் உன் கைக்கு முதலில் வந்ததில்லை.

ஆகவே வார்டன் அம்மா, இனி உங்களுக்கே எழுதுகிறேன். இதைப் பிரித்தவர் நீங்கள்தான். மே எட்டாம் தேதி அந்த எட்டு வரிகளை எழுதியதும் நீங்களாக இருக்கலாம். நல்ல கையெழுத்து. நல்ல தமிழ் தெரிந்தவர். நான் சிவப்பு மையில் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டவர். அதனால் உங்களுக்குப் புரியாத எதையும் நான் இப்போது கேட்கப்போவதில்லை. மூன்று எங்கே, பதினொன்று எங்கே, இருபது எங்கே என்று அவரவர் வீட்டில் கேட்கட்டும். நான் ஐந்தைக் கேட்கிறேன். அவளால் நடக்க முடிகிறதா, பேனா பிடிக்க முடிகிறதா, யார் அவளுக்குச் சோறு ஊட்டுகிறார்கள்? எங்கே கொண்டுபோய் விட்டீர்கள்? இடத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதும். கையெழுத்துப் போட வேண்டாம். என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கவர் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன்.

எழுதுங்கள். என் அக்கா எங்கே?